தொடையிடுக்கில் ஒரு சதுரக் காசு

எனக்கு அருவருப்பு அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை விட்டுவிட்டு என் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது. பிறர் வாய் வைத்த குவளையில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் துணி என் பக்கம் வந்தால் இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்துக்கொள்வேன். நான் வேலை செய்யும் ஈப்போ தமிழ்ப்பள்ளியில் பிள்ளை யாராவது வாந்தி எடுத்தால் மற்ற ஆசிரியைகள் வாளியோடு ஓடுவார்கள். நான் மிச்சப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் வேலையை எடுத்துக்கொள்வேன். வீட்டில் மீன் கழுவுவது என் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. எல்லாருக்கும் தெரியும். கேலி செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இது எங்கே தொடங்கியது என்றும் எனக்குத் தெரியும். நான் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், லயத்தில் பிறந்தவள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பாலை எடுத்த பிறகு மங்கின் அடியிலும் மரப்பட்டையிலும் உறைந்து கிடப்பதை ஒட்டுப்பால் என்பார்கள். அதைச் சாக்கில் கட்டி லயத்துக்குப் பின்னால் நாள்கணக்கில் போட்டு வைப்பார்கள். மழையில் ஊறி வெயிலில் வெந்து அதிலிருந்து ஒரு வாடை கிளம்பும். செத்த எலியையும் திரிந்த பாலையும் ஒரே சட்டியில் வேகவைத்தால் ஓரளவுக்கு அது வரலாம். அம்மாவின் கையில், சட்டையில், தலைமுடியில் எல்லாம் அது இருந்தது. எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் போகாது. அவர் சோறு போடும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நான் படித்து ஆசிரியை ஆனதற்குப் பிறர் பல காரணங்கள் சொல்வதுண்டு. அந்த வாடை இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் என் காரணம்.

என் மகனுக்கு இருபத்து மூன்று வயது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் வேலை. வார நாட்களில் அங்கேயே நண்பர்களோடு வாடகை வீட்டில் இருப்பான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஒரு வாரத்து அழுக்குத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். அந்தப் பையை நான் கையால் தொடமாட்டேன். அடியைப் பிடித்து மெஷினுக்குள் அப்படியே கவிழ்த்துவிடுவேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, கவிழ்த்த துணியில் ஒரு கீற்று மட்டும் மெஷின் விளிம்பில் மாட்டிக்கொண்டு தொங்கியது. பழைய வேட்டியிலிருந்து கிழித்தது. இரண்டு கை நீளம் இருக்கும். எண்ணெய் ஊறி, காய்ந்து, மஞ்சளாக விறைத்துக் கிடந்தது. நடுவில் ஒரு சின்னப் பையைக் கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். பைக்குள் ஏதோ கெட்டியாக இருந்தது. தையல் விட்ட இடத்தில் ஒரு செம்பு மூலை தெரிந்தது. விளக்கெண்ணெய், பழைய வியர்வை, அதற்கும் அடியில் ஒரு புளித்த வாடை. துணிக் கிளிப்புகள் இரண்டால் அதை இடுக்கித் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கணவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் லாரி ஓட்டுகிறவர். சனிக்கிழமை மட்டும் வீட்டில் நிதானமாகச் சாப்பிடுவார்.

"என்ன இது? மந்திரிச்சுக் கட்டுனதா?"

"அடடா, சாப்பிடறப்ப அத ஏன் கொண்டாந்து காட்டுற. இடுப்புச் சுளுக்கு லா. பெட்டி தூக்குறான்ல, புடிச்சுக்கிச்சு. தொவைக்கப் போடு."

"இந்தக் கர்மத்த என் மெஷின்லயா?"

பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் எறிந்தேன். திரும்பியபோது மகன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். "ச்சீ, மனுசன் ஒடம்புல கட்டுறதா அது. நாய் கூட மோந்து பாக்காது" என்றேன். அவன் உள்ளே போய்விட்டான். நான் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். இடுப்பு வலிக்கிறதா என்று அவனைக் கேட்கவில்லை. மெஷினைக் காலியாக ஒரு தடவை ஓடவிட்டேன். அதற்கு நேரம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவன் வந்ததும் படுத்துவிட்டான். சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தான். கழிவறையை அவனே கழுவிவிட்டான், வலியோடு, நான் பார்ப்பதற்குள். ஞாயிற்றுக்கிழமை காலை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. கிளினிக்குக்குப் போகலாம் என்றேன்.

"டாக்டர் வேணாம்மா" என்றான்.

"சுளுக்கு முத்திப்போச்சு" என்றார் கணவர். "எங்க பழைய தோட்டத்துல உருவி விடுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. ஒரு தடவ கை வச்சா சரியாயிரும். நீ வீட்ல இரு."

நான் வீட்டில் இருக்கவில்லை. காரில் மகன் பின் இருக்கையில் வலது காலை மடக்கிக்கொண்டு, சரிந்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணை மூடினான். இடுப்பு வலிக்கு யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். கணவர் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினார்.

அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயங்களில் ஒரே ஒரு வரிசை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். அதன் கடைசி வீட்டில் அந்த அண்ணன் இருந்தார். சுளுக்கு எடுப்பது அவருக்கு உபதொழில். சுற்றியிருக்கிற சிறுதோட்டக்காரர்கள் சிலர் இன்னும் ரப்பர் வெட்டுகிறார்கள். அவர்களிடம் ஒட்டுப்பால் வாங்கி விற்பதுதான் அவர் பிழைப்பு. வீட்டையொட்டித் தகரக் கூரைக்குக் கீழே அது ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்து வாய்க்காலுக்கு ஓடியது. கார்க் கதவைத் திறந்ததும் அந்த வாடை உள்ளே வந்து என் தொண்டையில் உட்கார்ந்தது. நாற்பது வருடம் அது என்னைத் தேடிக்கொண்டிருந்தது போல இருந்தது.

"நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்" என்று கதவைச் சாத்தினேன். குளிர்சாதனத்தைக் கூட்டினேன். கணவரின் தோளில் தொங்கியபடி மகன் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் கத்தியது மூடிய கண்ணாடிக்குள்ளும் கேட்டது.

துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். பலகை பெஞ்சில் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். கால்சட்டை இறங்கியிருந்தது. அந்த அண்ணன் எண்ணெய்க் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி, சுட்டுக்கொண்டவரைப் போல விலகி நின்றார். மகனின் வலது தொடையிடுக்கில் வாத்து முட்டை அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. கருஞ்சிவப்பு. தோல் கண்ணாடிபோல இழுபட்டு மினுமினுத்தது. அதன் நடுவில் யாரோ முத்திரை குத்தியது போல ஒரு சதுரத் தடம்.

அவன் உடம்பை அவனுடைய பத்து வயதுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் என்று எழுத ஆசைதான். குமட்டல்தான் வந்தது. எண்ணெயும், மயிரும், அந்த நிறமும், வெளியே இருந்து வந்த வாடையும் ஒன்றாகச் சேர்ந்து வர, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்புவதற்கு முன் அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான். அவ்வளவு வலியிலும் ஒரு கையால் தன் சட்டையை இழுத்து அந்த இடத்தை மூடினான்.

"தங்கச்சி, இது என் கை வேல இல்ல" என்றார் அந்த அண்ணன். "கொடல் எறங்குனா மெத்துன்னு இருக்கும். படுக்க வச்சு அமுக்குனா உள்ள போவும். இது கல்லு மாதிரி நிக்கிது. சூடு வேற. கொடலு இப்படிச் சுடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

"அண்ணே, கொஞ்சம் மெதுவா உருவிப் பாத்தீங்கன்னா" என்றார் என் கணவர்.

"உருவுனா ஒம் புள்ள போயிருவான். வண்டிய எடு."

அப்படிச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவரே மகனைத் தூக்கிக் காரில் கிடத்தினார். அவர் நகங்களில் ஒட்டுப்பால் கறுப்பாகப் படிந்திருந்தது. அந்தக் கை என் மகனைத் தொடுகிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். நான் தொடவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "கொடலிறக்கமா? சுளுக்குன்னு சொன்னீங்களே." கணவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு மலாய்ப் பெண் டாக்டர் வந்தார். முப்பது வயது இருக்கும், மெலிந்த உருவம். வீக்கத்தைத் தொட்டார். பிறகு அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு, விரலால் காற்றில் ஒரு சதுரம் வரைந்து, இது என்ன என்று மலாயில் கேட்டார். கணவர் தரையைப் பார்த்தபடி, பழைய காசு என்றார். அது உள்ளே போகட்டும் என்று வைத்துக் கட்டியது என்றார்.

"எவ்வளவு நாளாக இருக்கிறது?"

"நாலு மாதம்" என்றான் மகன்.

நாலு மாதம். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, டாக்டரோடு சேர்ந்து, நானும் அப்போதுதான் கேட்கிறேன்.

"ஏன் வரவில்லை? மாலுவா?" என்றார் டாக்டர். வெட்கமா என்று கேட்கிறார். ஆண்பிள்ளைகள் பலர் பெண் டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்துவதை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல. கேட்கும்போது குரலில் கோபமில்லை. மகன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

அறுவைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனதும் நாங்கள் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு பெரியவர் பாலித்தீன் பையிலிருந்து பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கணவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

பெட்டி தூக்கும்போது அவனுக்கு அந்த இடத்தில் ஏதோ பிதுங்கியிருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு லாரியில் போகும்போது சொல்லியிருக்கிறான். கணவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குத் தொப்புள் பிதுங்கியிருந்ததாம். அவருடைய அம்மா ஒரு சதுரக் காசை அதன்மேல் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாராம். சில மாதத்தில் உள்ளே போய்விட்டதாம். தோட்டத்தில் அப்படித்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வார்களாம். வெள்ளைக்காரன் காலத்துச் செம்புக் காசு, வட்டமில்லாமல் மூலை மழுங்கிய சதுரம். அதனால் நழுவாது. அந்தக் காசு எங்கள் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குள் இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. நான் அதைப் பூசைக்கானது என்று நினைத்திருந்தேன்.

"கைக்கொழந்த தொப்புளும் இதுவும் ஒண்ணா?"

"பிதுங்குறது பிதுங்குறதுதானே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ. மூஞ்சிய ஒரு மாதிரி வப்ப. நான் சொல்லிரலாம்னுதான் பாத்தேன். அவன்தான் வேணாம்னான்."

"ஏனாம்?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா அம்மா சாப்பிட மாட்டாங்கப்பான்னான்."

எதிரே இருந்த பெரியவர் மீன் முள்ளை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"அந்தத் துணியத்தான் நான் தூக்கிப் போட்டேனே" என்றேன். எனக்கு அப்போது அதுதான் வாயில் வந்தது.

"எடுத்துட்டேன்."

"எங்கேர்ந்து?"

"தொட்டியிலேர்ந்துதான். நீ காய் வாங்கப் பாசாருக்குப் போனதும். காசக் கழுவி, வேற துணியில தச்சு, இந்தத் தடவ நல்லா இறுக்கிக் கட்டுனேன். மொதல்ல கட்டுனது லூசா இருந்துச்சு, அதான் கேக்கலன்னு நெனச்சேன்."

அந்தத் தொட்டியில் அன்றைக்கு என்ன கிடந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் நாள் இறால் ஓடு. புழு வைத்த கத்தரிக்காய். பக்கத்து வீட்டுப் பூனை கிழித்துவிட்டுப் போன பை. நான் எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அந்தக் கழிவறைத் தரை ஈரமாக இருந்தது, யாருடைய ஈரம் என்று தெரியவில்லை. முட்டி போட்டுத்தான் எடுக்க முடிந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்டர் வெளியே வந்தபோது அவருடைய கண்ணில் களைப்போடு ஒரு பிரகாசம் இருந்தது. குடல்தான் இறங்கிச் சிக்கியிருக்கிறது என்று நினைத்துத் திறந்தோம், உள்ளே இருந்தது குடல்வால் என்றார். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புழுப்போலத் தொங்கும் சின்ன வால். வயிற்றுக்குள் இருக்க வேண்டியது. இவனுக்கு அது தொடையிடுக்கில் இருந்த ஓட்டை வழியாக வழுக்கி இறங்கி, அங்கேயே மாட்டி, வீங்கி, நுனி அழுகி உடைந்திருக்கிறது. குடலிறக்கத்துக்குள் குடல்வால் இருப்பதே அபூர்வம், அது உடைந்தும் இருப்பது அதைவிட அபூர்வம் என்றார். பக்கத்து அறுவைக் கூடத்திலிருந்து மற்ற டாக்டர்களும் வந்து பார்த்தார்களாம். பையன் பிழைத்துக்கொண்டான், சீழ் பிதுங்கியிருந்த சவ்வுப் பைக்குள்ளேயே நின்றுவிட்டது, வயிற்றுக்குள் பரவியிருந்தால் வேறு கதை.

படம் எடுத்திருக்கிறோம், பார்க்கிறீர்களா என்று கேட்டார். கணவர் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்னும் தெரியவில்லை. பச்சைத் துணிக்கு நடுவில், கையுறை விரல்களுக்கு இடையில், விரல் தடிமனில் ஒன்று. அடி சிவந்து, நடு சாம்பல் பூத்து, நுனி கறுத்து வாய் பிளந்திருந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக, கெட்டியாக ஏதோ. உறைந்த ஒட்டுப்பாலை மங்கிலிருந்து விரலால் பிய்க்கும்போது இப்படித்தான் வரும். அதற்குப் பிறகு நான் சாமான்கடையில் இஞ்சியைக்கூடப் பார்க்காமல் வாங்குகிறேன்.

காசு கட்டியதால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். காசு கட்டாதவர்களுக்கும் இது வருகிறது. அழுத்தம் நல்லது செய்திருக்காது. கைக்குழந்தைத் தொப்புள் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். "முதல் மாதமே யாராவது பார்த்திருந்தால்" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போனார். வழக்கமாக ஓட்டையை வலை வைத்து அடைப்பார்கள். சீழ் இருந்ததால் வலை வைக்க முடியவில்லை, நூலால் மட்டும் தைத்திருக்கிறோம், திரும்ப வரலாம் என்றார். இருமும்போது அந்த இடத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் உடனே கொண்டுவர வேண்டும்.

நான்காம் நாள் புண்ணில் சீழ் பிடித்தது. தையலைப் பிரித்து, குழியைத் திறந்தே விட்டு, உள்ளே துணிநாடாவைத் திணித்து வைத்தார்கள். தினமும் அதை இழுத்து எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிக்க வேண்டும். அடியிலிருந்துதான் ஆற வேண்டுமாம். வார்டில் நர்ஸ் மிசி திரையை இழுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் நான் கீழே போய்த் தண்ணீர் வாங்கி வருவேன். அவனுடைய கட்டிலுக்குக் கீழே ஒருநாள் ஐந்து தண்ணீர்ப் போத்தல்கள் திறக்காமல் இருந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு கணவர் அவனைத் தினமும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். பிறகு பெருநாள் விடுமுறை வந்தது. கிளினிக் இரண்டு நாள் மூடியிருக்கும், வீட்டில் யாராவது செய்யத்தான் வேண்டும் என்றார்கள். கணவருக்கு அந்த இரண்டு நாளும் பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் ஏற்றும் வேலை. விடியுமுன்னே போனால் சாயந்தரம்தான் வருவார். நான் போய்க் கற்றுக்கொண்டேன். அங்கிருந்த தமிழ் மிசி அக்காவுக்கு என் வயதுதான்.

"டீச்சரா? அப்பறம் என்ன, ஈஸி லா. எத்தன புள்ளைங்களுக்கு மூக்கு தொடைச்சிருப்பீங்க."

"தொடைச்சதில்ல."

"ஒண்ணுக்குக்கூடவா?"

"எம் புள்ளைக்கே அவன் அப்பாதான் தொடைப்பாரு."

அவர் சிரித்துக்கொண்டே கையுறை ஒரு பெட்டியும் இடுக்கியும் கொடுத்தார். "அப்ப இவனுக்கு நீங்க பாக்கி வச்சிருக்கீங்க. கண்ண மூடிக்கிட்டுச் செய்யக்கூடாது, அது மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. குழிக்குள்ள பழைய துணி மாட்டிக்கும்."

விடுமுறையின் முதல் நாள் காலை. அவன் தன் அறையில் மல்லாந்து படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டான். வெட்கத்துக்குத்தான் மூடுகிறான் என்று நினைத்தேன்.

"மாஸ்க் போட்டுக்கங்கம்மா" என்றான் துண்டுக்குள்ளிருந்து.

"போட்டிருக்கேன்."

"ரெண்டா போட்டுக்கங்க."

பிளாஸ்டரைப் பிரித்தேன். துணிநாடாவின் நுனியை இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு சின்னக் குழிக்குள் அவ்வளவு நீளம் எப்படி இருக்கும். முதல் பாதி மஞ்சள், பிறகு பச்சை கலந்த பழுப்பு, கடைசி விரற்கடை ரத்தம். இழுக்கும்போது அது லேசாக உறிஞ்சும் சத்தம் போட்டது. இரண்டு மாஸ்க்கையும் தாண்டி வாடை வந்தது, அதே வாடை. என் மகனுக்குள்ளிருந்து அது வந்தது. நான் இடுக்கியைத் தட்டில் போட்டுவிட்டுக் கை கழுவும் தொட்டிக்கு ஓடினேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். குழியைப் பார்த்தேன், உள்ளே சிவப்பாக, ஈரமாக, மாட்டிறைச்சிபோல ஏதோ துடித்தது. திரும்பவும் ஓடினேன்.

இரண்டாம் தடவை வந்தபோது அவன் சொன்னான். "விடுங்கம்மா. அப்பா வரட்டும்."

"அப்பா சாயந்தரம்தான் வருவாரு."

"பரவால்ல. தொறந்தே கெடக்கட்டும்."

கட்டில் ஓரத்தில் நின்றேன். துண்டு அவன் மூச்சுக்கு ஏறி இறங்கியது. எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அவர் எனக்குச் சோறு போடும்போது எப்போதும் நீளமான அகப்பையில்தான் போடுவார். தட்டைக் கையில் தரமாட்டார், தரையில் வைத்துத் தள்ளிவிடுவார். போட்டதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். அது அவர் பழக்கம் என்றே நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நான் மூச்சைப் பிடித்ததை அவர் பார்த்திருக்கிறார். துண்டு என் மகனுடைய வெட்கத்துக்கில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் முகத்தை அவன் பார்க்காமல் இருப்பதற்கு.

"அருவருப்பாத்தான் இருக்கு" என்றேன். "இல்லன்னு சொன்னா ஒனக்குத் தெரிஞ்சிரும். ஆனா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். துண்ட எடு."

அவன் எடுக்கவில்லை. நானே எடுத்தேன். இரண்டு மாஸ்க், கண்ணில் தண்ணீர், நெற்றியில் வியர்வை என்று என் முகம் எப்படி இருந்திருக்குமோ. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ரொம்பக் கேவலமா இருக்கும்மா."

"ஒம் புண்ணு மட்டும் ரொம்ப அழகாக்கும்."

சிரிக்கப் போய் வலித்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டான். உப்புத் தண்ணீரால் கழுவினேன். புதுத் துணியை இடுக்கியால் மடித்து மடித்துக் குழிக்குள் திணித்தேன். மிசி சொன்னபடி கண்ணை மூடவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்து மூன்றாம் தடவை வாந்தி எடுத்தேன். மறுநாள் இரண்டே தடவை.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. சதுரத் தடம் அதற்கு முன்பே மறைந்துவிட்டது. மகன் கமுந்திங்குக்குத் திரும்பிவிட்டான். பெட்டி தூக்கும் வேலையை மாற்றிக் கணக்கெடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். காசு எங்கே என்று கணவரை நான் கேட்கவில்லை. குங்குமச் சிமிழைத் திறந்தும் பார்க்கவில்லை. பார்த்தால் தொட வேண்டியிருக்கும்.

என் அருவருப்பு எங்கும் போய்விடவில்லை. அழுக்குப் பையை இன்னும் கவிழ்த்துத்தான் போடுகிறேன். ஆனால் கவிழ்த்த பிறகு மெஷினுக்குள் குனிந்து, துணி துணியாகப் புரட்டிப் பார்க்கிறேன், கறையும் கட்டுத்துணியும் இருக்கிறதா என்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன், "ஏதாச்சும் இருக்கா?" என்று. "இல்லம்மா" என்பான். நான் நம்புவதில்லை. நான் கேட்காததால் "இல்ல" என்றுகூடச் சொல்லாமல் நாலு மாதம் மறைத்தவன் அவன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீன் குழம்பு. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டவன், கையை எடுக்காமல், தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"அம்மா, அந்த எடத்துல ஒரு மாதிரி கனமா இருக்கு. மூணு நாளா."

கணவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். நான் கை கழுவிக்கொண்டு வந்தேன். அவன் எழுந்து விளக்குக்குக் கீழே நின்று, இடுப்புப் பட்டியைக் கொஞ்சம் இறக்கினான். தழும்பு ஊதா நிறத்தில், ஒரு பக்கம் உள்ளிழுத்து, மண்புழு காய்ந்தது போலக் கிடந்தது. கையுறை எடுக்கப் போகவில்லை. விரலை அதன்மேல் வைத்தேன். வழவழப்பாக, மற்ற தோலைவிடச் சூடாக இருந்தது.

"இருமு."

இருமினான். விரலுக்குக் கீழே ஏதோ தட்டியது போலவும் இருந்தது, தட்டாதது போலவும் இருந்தது. இன்னொரு தடவை இருமச் சொன்னேன். எனக்குத் தெரியவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பட்டியை மேலே இழுக்காமல்.

"நாளைக்குக் காலையிலயே ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"சரிம்மா."

உட்கார்ந்தான். நான் கை கழுவினேன், ஒரே தடவை. திரும்பி வந்து என் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மீன் துண்டு குழம்பில் பாதி மூழ்கி, தோல் உரிந்து கிடந்தது. விரலில் இன்னும் அந்தத் தழும்பின் சூடு இருந்தது. அப்பாவும் மகனும் சாப்பிடாமல் என் கையையே பார்த்தார்கள். சோற்றைப் பிசைந்து, மீனைப் பிய்த்து, உருட்டி வாயில் வைத்தேன். தொண்டையில் நின்றது. தண்ணீர் குடிக்காமல் விழுங்கினேன். அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.